பால் உறவும் பால் வங்கியும்: மறக்கப்பட்ட ஒரு நிபந்தனை

மனிதர்களிடையே உறவு ஏற்படும் வழிகளாக இஸ்லாமிய ஷரீஆ மூன்றைக் குறிப்பிடுகின்றது. பிறப்பால் அமைவது (நஸப்) ஒன்று. திருமணத்தால் அமைவது (முஸாஹரா) மற்றொன்று. பாலூட்டுவதால் அமைவது (ரளாஅ) மூன்றாவது. முதலிரண்டும் எல்லாச் சமூகங்களிலும் உள்ளவையே. மூன்றாவது உறவுக்கு முழுமையான சட்ட வடிவம் தந்து, அதைத் திருமண விதிகளோடு இணைத்து, பதினான்கு நூற்றாண்டுகளாகப் பேணி வந்திருப்பது இஸ்லாமியச் சட்ட மரபின் தனிச்சிறப்பு எனலாம்.

இச்சிறப்பே இன்று ஒரு சங்கடமாகவும் உணரப்படுகின்றது. குறைமாதத்தில் பிறந்து, தாயிடம் பால் சுரக்காத நிலையில், அல்லது தாயையே இழந்த நிலையில் மருத்துவமனையில் கிடக்கும் சிசுவுக்கு, வேறொரு தாய் தானமாகத் தந்த பாலைக் குழாய் வழியே கொடுக்க மருத்துவர்கள் முன்வருகின்றனர். தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகள் சிலவற்றிலும் தாய்ப்பால் வங்கிகள் செயற்படுகின்றன. அங்கே முஸ்லிம் குடும்பமொன்று தயங்கி நிற்கின்றது. "இது நமக்கு ஆகுமா?" என்பது பெறுபவரின் கேள்வி. "என் பால் எந்தப் பிள்ளைக்குப் போகிறது என்று தெரியாமல் நான் எப்படிக் கொடுப்பது?" என்பது கொடுக்க விரும்பும் தாயின் கேள்வி. முடிவெடுக்கக் கிடைப்பதோ சில மணி நேரம் மட்டுமே.

இத்தயக்கத்தைக் கண்டு, பிற குழந்தைக்குப் பால் கொடுப்பதையே இஸ்லாம் விரும்பவில்லை என்று எண்ணுவோர் உளர். வரலாறு இதற்கு நேர்மாறானது. அவ்வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்த பின்னர், இன்றைய சிக்கல் உண்மையில் எங்கே இருக்கின்றது என்பதை நோக்குவோம்.

நபிகளாரின் பால் உறவுகள்

மக்காவின் குறைஷிக் குடும்பங்கள் தம் குழந்தைகளைப் பாலைவனக் கோத்திரங்களின் பெண்களிடம் பாலூட்டுவதற்காக ஒப்படைக்கும் வழக்கம் கொண்டிருந்தன. நபி (ஸல்) அவர்களுக்கு அன்னை ஆமினாவுக்குப் பின் முதலில் பாலூட்டியவர் அபூலஹபின் அடிமைப் பெண்ணாயிருந்த துவைபா. அதன் பின்னர் ஹவாஸின் குலத்தின் கிளையான பனூ ஸஃதைச் சேர்ந்த ஹலீமா அவர்கள் நபிகளாரைப் பொறுப்பேற்றார்கள். துவைபா நபிகளாரின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களுக்கும் பாலூட்டியிருந்தார். எனவேதான், ஹம்ஸாவின் மகளை மணமுடிக்கலாமே என்று கூறப்பட்டபோது, அவர் தம் பால் சகோதரரின் மகள் என்று கூறி நபிகளார் மறுத்தார்கள். பிறப்பு உறவால் விலக்கப்படுபவர்கள் பாலூட்டலாலும் விலக்கப்படுவர் என்ற அடிப்படை விதி இச்சந்தர்ப்பத்திலேயே தெளிவுபடுத்தப்பட்டது.

இவ்வுறவு திருமணத் தடையோடு நின்றுவிடவில்லை. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு (கி.பி. 630) ஹுனைன் போரில் ஹவாஸின் குலத்தார் தோற்று, ஏறத்தாழ 6,000 பெண்களும் சிறுவர்களும் சிறைப்பட்டனர். சிறைப்பட்டோரில் ஹலீமாவின் மகள் ஷைமாவும் இருந்தார். அவர் தம்மை அடையாளப்படுத்தியபோது, நபிகளார் தம் மேலாடையை விரித்து அவரை அமரச் செய்து, தம்முடன் தங்கவோ தம் மக்களிடம் திரும்பவோ விருப்பம் கொடுத்தார்கள் என்று ஸீறா நூல்கள் கூறுகின்றன. அடுத்து ஜிஃரானாவுக்கு வந்த ஹவாஸின் தூதுக்குழு முன்வைத்த வாதமும் இதுவே: சிறைக்கொட்டில்களில் இருப்பவர்கள் நபிகளாருக்குப் பால்வழியில் மாமியரும் சின்னம்மாக்களும் செவிலியரும் ஆவர். கைதிகள் விடுவிக்கப்பட்டனர். ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கும் முன் ஒரு குழந்தை அருந்திய பால், ஆயிரக்கணக்கானோரின் விடுதலைக்கு வாதமாக நின்றது. அப்பால் எவருடையது என்பதை இரு தரப்பினரும் மறக்காதிருந்ததே அதற்குக் காரணம்.

அல்குர்ஆனின் வரையறை

அல்குர்ஆன் பாலூட்டலை ஒரு பொறுப்பாகவும் உரிமையாகவும் நோக்குகின்றது. அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் இரண்டு முழு ஆண்டுகளை நிறைவான பாலூட்டும் காலமாகக் கூறி, உரிய கூலியைக் கொடுத்து வேறு பெண்ணைக் கொண்டு பாலூட்டுவதிலும் குற்றமில்லை என அனுமதிக்கின்றது. அத்தலாக் அத்தியாயத்தின் 6ஆம் வசனம், பெற்றோரிடையே இணக்கம் ஏற்படாவிடின் வேறொருத்தி பாலூட்டலாம் என்கின்றது. அன்னிஸா அத்தியாயத்தின் 23ஆம் வசனம் பால்குடித் தாயையும் பால்குடிச் சகோதரியையும் மணமுடிக்க விலக்கப்பட்டோர் பட்டியலில் சேர்க்கின்றது.

இம்மூன்று வசனங்களையும் ஒன்றாக நோக்கும்போது ஷரீஆவின் போக்கு தெளிவாகின்றது. குழந்தை பட்டினி கிடக்கலாகாது என்பதற்காகப் பிற பெண்ணின் பாலுக்கு வழி திறக்கப்பட்டிருக்கின்றது. அவ்வழி திறந்ததால் ஏற்படும் உறவு மதிக்கப்பட வேண்டும் என்பதற்காகத் திருமணத் தடை விதிக்கப்பட்டிருக்கின்றது.

பாலூட்டும் பெண்ணை அமர்த்தும் ஒப்பந்தம் பிக்ஹு நூல்களில் தனிப் பகுதியாகவே ஆராயப்பட்டது. ஹனபி அறிஞர் ஸரக்ஸி (ரஹ்) தம் 'அல்மப்ஸூத்' நூலில், முஸ்லிம் அல்லாத பெண்ணையும் இப்பணிக்கு அமர்த்துவதில் தவறில்லை என எழுதியிருக்கின்றார். பல சமயத்தவர் கலந்து வாழும் நம் நாட்டில் இக்கருத்து கவனத்திற்குரியது. நபிகளாருக்குப் பாலூட்டிய இருவரும் இஸ்லாம் தோன்றுவதற்கு முற்பட்ட காலத்துப் பெண்களே என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

முகலாய இந்தியாவிலும் பால் உறவு அரசியல் வலிமை பெற்றிருந்தது. அக்பரின் செவிலித் தாயரான ஜீஜீ அனகாவும் மாஹம் அனகாவும் அவரவர் குடும்பங்களோடு அரசவையில் உயர்ந்தனர். 1562இல் மாஹம் அனகாவின் மகன் அத்ஹம் கான், ஜீஜீ அனகாவின் கணவர் ஷம்ஸுத்தீன் அத்கா கானைக் கொன்றபோது அக்பர் அவனுக்கு மரண தண்டனை விதித்தார். பால் உறவு நீதியைத் தடுக்கவில்லை. எனினும், ஜீஜீ அனகாவின் மகனும் தம் பால் சகோதரருமான மிர்ஸா அஸீஸ் கோகாவின் பிழைகளை அவர் பலமுறை பொறுத்துக்கொண்டது அவ்வுறவை முன்னிட்டே. 'கோகா' என்ற பட்டமே பால் சகோதரர் என்னும் பொருளுடையது. உறவு பெயரிலேயே பதிவாகியிருந்தது.

ஐயமும் அறிவும்

பால் உறவு யாருக்கும் தெரியாமற் போனால் என்ன செய்வது? இக்கேள்வி நபித்தோழர் காலத்திலேயே எழுந்தது. உக்பா பின் ஹாரிஸ் (ரலி) அவர்கள் உம்மு யஹ்யா என்ற பெண்ணை மணந்திருந்தார்கள். ஒரு பெண் வந்து, உங்கள் இருவருக்கும் நான் பாலூட்டியிருக்கின்றேன் என்றார். உக்பாவுக்கோ அதுபற்றி எதுவும் தெரியாது. அவர் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பயணித்து நபிகளாரிடம் முறையிட்டார். அவ்வாறு சொல்லப்பட்ட பின்னர் எவ்வாறு சேர்ந்து வாழ்வது என்ற கருத்தில் நபிகளார் பதிலளிக்க, அவர் மனைவியைப் பிரிந்தார். ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள இச்சம்பவம், பேணுதலின் அடிப்படையிலான அறிவுரையா அல்லது கட்டாயத் தீர்ப்பா என்பதில் அறிஞர்கள் கருத்து வேறுபட்டனர். ஆயினும், நினைவில் வைக்கப்படாத பால் ஒரு குடும்பத்தைப் பின்னாளில் எவ்வாறு குலைக்கலாம் என்பதற்கு இது மறுக்கவியலாத சான்று.

உறவு ஏற்படுவதற்கான அளவிலும் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. ஹனபி, மாலிகி மத்ஹபுகளில் உரிய வயதுக்குள் அருந்திய சிறிதளவு பாலே போதுமானது. ஷாபிஈ மத்ஹபிலும் ஹன்பலி மத்ஹபின் பிரபல கருத்திலும் தனித்தனியான ஐந்து வேளைகள் தேவை. கடற்கரையூர்களில் ஷாபிஈ மத்ஹபும் உள்நாட்டில் பெரும்பாலும் ஹனபி மத்ஹபும் வழங்கும் தமிழ் முஸ்லிம்களிடையே, ஒரே நிகழ்வுக்கு இரு வீடுகளில் இரு தீர்ப்புகள் கிடைக்கக்கூடும். நேரடியாக மார்பிலிருந்து அருந்தினால்தான் உறவு ஏற்படுமா என்பது மற்றொரு வேறுபாடு. வாயில் ஊற்றப்பட்ட பாலும் உறவை உண்டாக்கும் என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. லைஸ் பின் ஸஃத், ளாஹிரி அறிஞர் இப்னு ஹஸ்ம் (ரஹ்) முதலியோர் உறிஞ்சிக் குடித்தலை மட்டுமே பாலூட்டலாகக் கொண்டனர்.

ஐயம் பற்றிய விதி இங்கு முக்கியமானது. பாலூட்டல் நிகழ்ந்ததா என்பதிலோ, அதன் எண்ணிக்கையிலோ ஐயம் ஏற்பட்டால் தடை ஏற்படாது என இப்னு குதாமா (ரஹ்) 'அல்முக்னி'யில் எழுதுகின்றார். ஹனபி நூல்கள் ஓர் எடுத்துக்காட்டும் தருகின்றன. ஒரு சிறுமிக்குக் கிராமத்துப் பெண்களில் யாரோ பாலூட்டினர். யார் என்பது தெரியவில்லை. அக்கிராமத்து ஆண் ஒருவர் அவளை மணக்கலாமா? அடையாளமோ சாட்சியோ இல்லாவிடின் மணக்கலாம் என்பது விடை. அதே நூல்கள் அதனருகில் இன்னொரு விதியையும் வைத்திருக்கின்றன. இப்னு ஆபிதீன் (இறப்பு 1836) அவர்களின் 'ரத்துல் முஹ்தார்' வரை தொடர்ந்து எடுத்துரைக்கப்படும் அவ்விதியின் சாரம் இது: தேவையின்றிப் பெண்கள் கண்ட குழந்தைக்கெல்லாம் பாலூட்டலாகாது, பாலூட்டினால் அதை நினைவில் வைக்க வேண்டும், அல்லது எழுதி வைக்க வேண்டும்.

இவ்விரு விதிகளையும் பிரித்து நோக்கலாகாது என்பதே நம் கருத்து. தானாக நேர்ந்துவிட்ட ஐயத்தை ஷரீஆ மன்னிக்கின்றது. ஐயம் நேராதிருக்க முன்கூட்டியே ஆவன செய்யுமாறும் அது பணிக்கின்றது. பால் வங்கி பற்றிய விவாதத்தில் முதல் விதி அடிக்கடி மேற்கோளாக வந்தது. இரண்டாவது பெரும்பாலும் மறக்கப்பட்டது.

வங்கியின் வருகை

முதல் தாய்ப்பால் வங்கி 1909இல் வியன்னாவில் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலும் அத்தகைய ஏற்பாடு உருவானது. 1980இல் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும், பெற்ற தாயால் பாலூட்ட இயலாதபோது முதல் மாற்றாக வேறு தாயின் பாலையே நாட வேண்டும் எனப் பரிந்துரைத்தன. 1980களில் எய்ட்ஸ் கிருமி பற்றிய அச்சத்தால் மேற்கில் பல வங்கிகள் மூடப்பட்டன. பரிசோதனை முறைகள் செம்மையானதும் மீண்டும் பெருகின. பிரேசிலில் மட்டும் 200க்கு மேற்பட்ட வங்கிகள் இயங்குகின்றன. இந்தியாவின் முதல் வங்கி 1989இல் மும்பை ஸயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் அவர்களின் முயற்சியால் தொடங்கப்பட்டது. 2017இல் மத்திய அரசு இதற்கான தேசிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

கொடுப்பவரின் இரத்தம் பரிசோதிக்கப்படுகின்றது. பெறப்பட்ட பால் 62.5 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டு உறைநிலையில் சேமிக்கப்படுகின்றது. மிகக் குறைந்த எடையுடன் பிறக்கும் சிசுக்களைத் தாக்கும் கொடிய குடல் நோயின் அபாயம், பால்மா கொடுக்கப்படும் குழந்தைகளைவிடத் தானப்பால் பெறும் குழந்தைகளுக்குக் குறைவு என்பது ஆய்வுகளில் உறுதிப்பட்ட செய்தி. எனவே இதை வெறும் வசதி பற்றிய விவாதமாகக் கொள்ள இயலாது. உயிரைப் பாதுகாத்தல் (ஹிப்ளுன் நப்ஸ்) ஒரு புறமும், வம்சத்தைப் பாதுகாத்தல் (ஹிப்ளுன் நஸ்ல்) மறுபுறமும் நிற்கின்றன. இரண்டும் ஷரீஆவின் உயர் நோக்கங்களே.

சிக்கல் எங்கே எழுகின்றதெனில், பல வங்கிகளில் பல தாய்மாரின் பால் ஒன்றாகக் கலக்கப்படுகின்றது. கொடுப்பவர், பெறுபவர் இருவரின் பெயர்களும் ஒருவருக்கொருவர் தெரிவிக்கப்படுவதில்லை. இரத்த தானத்தில் நன்மையாக அமையும் இம்மறைப்பு, பால் தானத்தில் ஓர் உறவையே மறைத்துவிடுகின்றது.

அறிஞர்களின் விவாதம்

1983இல் குவைத்தில் நடைபெற்ற இஸ்லாமிய மருத்துவக் கருத்தரங்கில் இப்பிரச்சினை விரிவாக ஆராயப்பட்டது. டாக்டர் யூஸுப் அல்கர்ளாவி, பாலூட்டல் என்பது மார்பில் உறிஞ்சுதலும் அதோடு கூடிய தாய்மை அணைப்புமே என்ற இப்னு ஹஸ்மின் நோக்கையும், ஐயத்தால் தடை ஏற்படாது என்ற விதியையும் முன்வைத்து அனுமதிக் கருத்தை வெளியிட்டார். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகடமியின் இரண்டாம் அமர்வு இதற்கு மாறாக, முஸ்லிம் நாடுகளில் பால் வங்கிகளை நிறுவுவதும் அவற்றிலிருந்து பாலருந்தச் செய்வதும் கூடாதெனத் தீர்மானித்தது. 2004இல் பத்வாவுக்கும் ஆய்வுக்குமான ஐரோப்பியப் பேரவை, மேலை நாடுகளில் வாழும் முஸ்லிம்கள் தேவையின்போது அங்குள்ள வங்கிகளைப் பயன்படுத்தலாம் எனக் கருதியது.

ஜித்தா தீர்மானத்தின் காரணங்களை ஊன்றிப் படிப்பது பயனுடையது. மேலை நாடுகளில் இம்முயற்சி எதிர்மறை விளைவுகளைத் தந்து சுருங்கிவிட்டது. பால் உறவு வம்ச உறவைப் போன்றது. வங்கி கலப்புக்கும் ஐயத்துக்கும் வழிவகுக்கும். முஸ்லிம் உலகின் சமூக உறவுகள் குறைமாதக் குழந்தைக்கு இயற்கையான பாலூட்டலை உறுதி செய்கின்றன. இவை அக்காரணங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் சட்டக் கொள்கைகள், காலத்தால் மாறாதவை. முதலாவதும் நான்காவதும் நடைமுறை பற்றிய கணிப்புகள். முதலாவது கணிப்பு மேலே கூறியவாறு மாறிவிட்டது. நான்காவதைப் பொறுத்தவரை, 34 வாரங்களுக்கு முன் பிறந்த சிசு பெரும்பாலும் மார்பில் உறிஞ்சிக் குடிக்கும் ஆற்றலற்றது; அதற்குக் குழாயே வழி. அண்டை வீட்டுப் பெண் வந்து பாலூட்டும் முற்றமும் இன்றைய அடுக்குமாடி வாழ்வில் அருகிவிட்டது.

மறுபுறம், அனுமதிக் கருத்தும் முழு நிறைவு தருவதாக இல்லை. குழாய்ப் பால் உறவை உண்டாக்காது என்பது நம் பகுதியில் பின்பற்றப்படும் இரு மத்ஹபுகளின் நிலைப்பாடன்று. ஐந்து வேளை என்ற ஷாபிஈ வரையறையும் இங்கே பெரிதாக உதவாது. இரண்டு அல்லது மூன்று மணிக்கொருமுறை பால் பெறும் சிசு, ஒரே தாயின் பாலாயின் ஒரே நாளில் அவ்வெல்லையைக் கடந்துவிடும். ஐயத்தை மன்னிக்கும் விதியோ, நேர்ந்துவிட்ட ஐயத்துக்கானது. நாமே திட்டமிட்டு ஐயத்தை உருவாக்கிவிட்டு அதனடியில் ஒதுங்குவது அவ்விதியின் நோக்கமாக இருக்க முடியாது.

நடைமுறை தந்த பாடங்கள்

முஸ்லிம் நாடுகளின் அனுபவம் இதை மேலும் தெளிவாக்குகின்றது. குவைத் மருத்துவமனை ஒன்றில், கொடுக்கும் குடும்பமும் பெறும் குடும்பமும் ஒருவரையொருவர் அறியும் வகையில் பால் தானம் நடைமுறைப்படுத்தப்பட்ட அனுபவம் 2000இல் மருத்துவ ஏடொன்றில் வெளியானது. ஈரானின் தப்ரீஸ் நகரில் 2016இல் வங்கி தொடங்கப்பட்டது. நேரடியாக மார்பில் அருந்தினாலே உறவு ஏற்படும் என்பது ஜஃபரி மத்ஹபின் நிலைப்பாடாதலால் அங்கே இச்சிக்கல் பெரிதாக எழவில்லை. 2019இல் டாக்காவில் முன்னெடுக்கப்பட்ட வங்கி எதிர்ப்பின் காரணமாக நிறுத்திவைக்கப்பட்டது. 2024 ஜூனில் கராச்சியில், அந்நகரத் தாருல் உலூமின் நிபந்தனைகளுடன் கூடிய பத்வாவைப் பெற்றுத் தொடங்கப்பட்ட வங்கியும், அதே நிறுவனம் தன் கருத்தை மறுபரிசீலனை செய்ததை அடுத்து அம்மாதமே நிறுத்தப்பட்டது. நிபந்தனைகள் உண்மையில் பேணப்படுமா என்ற நம்பிக்கையின்மையே இத்தகைய விவாதங்களில் மீண்டும் மீண்டும் வெளிப்படுவதை நாம் காண்கின்றோம். ஆக, கொடுப்பதும் பெறுவதும் அல்ல, பதிவே பிரச்சினையின் மையம்.

நம் பொறுப்பு

இப்பின்னணியில் நாம் சிந்திக்க வேண்டியவை சில உண்டு. முதலாவதாக, உயிராபத்து நெருங்கிய நிலையில், மருத்துவர் தானப்பாலே தேவை என்று கூறும்போது, வேறு வழியில்லாத பெற்றோரைக் குற்ற உணர்வுக்கு ஆளாக்கலாகாது. நிர்ப்பந்தம் (ளரூரா) பற்றிய விதிகள் இத்தகைய வேளைக்கென்றே உள்ளன. அந்நிலையிலும் பாலின் மூலத்தைக் கேட்டறிந்து எழுதிக்கொள்ள முயல்வது பெற்றோரின் கடமை.

இரண்டாவதாக, நம் குடும்பங்களிலும் மஹல்லாக்களிலும் பாலூட்டும் தாய்மார் பலர் உளர். தம் குழந்தையின் தேவை போக மிஞ்சும் பாலை, அறிந்த ஒரு குழந்தைக்கு, மருத்துவமனையின் பரிசோதனை முறைகளுக்கு உட்பட்டு, கலப்பின்றிக் கொடுக்க அவர்கள் முன்வரலாம். இதில் மார்க்கத் தடை எதுவுமில்லை; நபிகளாரின் வாழ்வோடு தொடங்கும் நன்மை இது.

மூன்றாவதாக, நம் ஜமாஅத்துகள் நிகாஹ் தப்தரைத் தலைமுறைகளாகப் பேணி வருகின்றன. மணமக்களின் தந்தையர் பெயரையும் சாட்சிகளின் பெயரையும் பதியும் அப்பழக்கத்தை ஒட்டி, பாலூட்டிய தாய், அவர் கணவர், குழந்தை, தேதி, வேளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பதியும் ஓர் ஏட்டையும் தொடங்குவது கடினமன்று. கணவரின் பெயர் ஏன் எனில், பாலூட்டியவளின் கணவரும் அக்குழந்தைக்குத் தந்தை நிலையை அடைகின்றார். அஃப்லஹ் என்பவரைப் பற்றி ஆயிஷா (ரலி) அவர்களுக்கு நபிகளார் அளித்த விளக்கம் இதற்கு ஆதாரம். ஏட்டின் ஒரு பிரதி இரு குடும்பங்களிடமும் இருக்க வேண்டும். மருத்துவமனை நிர்வாகங்களிடம், விரும்பும் குடும்பங்களுக்கு ஒரே தாயின் பாலை, அவர் சம்மதத்தோடு பெயர் அறிவித்து வழங்குமாறு கோருவதும் நியாயமான கோரிக்கையே. நம் ஆலிம்களும் மருத்துவர்களும் ஒன்றாக அமர்ந்து பேசினால் இதற்கான படிவம் ஒன்று உருவாகும்.

நினைவில் வையுங்கள், அல்லது எழுதி வையுங்கள் என்று நம் முன்னோர் பெண்களுக்குக் கூறினர். அன்று பால் அருந்திய பிள்ளையும் பாலூட்டியவளும் ஒரே தெருவில் வாழ்ந்தனர், நினைவே போதுமானதாயிருந்தது. இன்று எழுத்து தேவைப்படுகின்றது. அவ்வெழுத்தைத் தொடங்காமல், வங்கி கூடாது என்று மட்டும் கூறி நின்றால், குழந்தையின் உயிரைக் காப்பதற்கு நாம் எவ்வழியையும் காட்டியவர்கள் ஆகமாட்டோம். எழுத்தில்லாமல் ஆகும் என்று மட்டும் கூறினால், அக்குழந்தை வளர்ந்து மணமுடிக்கும் நாளில் உக்பாவின் வீட்டு வாயிலில் வந்து நின்ற பெண்ணைப் போல் எவரும் வந்துவிடக்கூடாதே என்ற அச்சம் நீங்காது. இவ்விரு கவலைகளையும் ஒருங்கே தீர்க்கும் வழி நம் சட்ட நூல்களிலேயே உள்ளது. அல்லாஹ்வே மிக அறிந்தவன்.